சாட்சியின் தகப்பனார் விலாசம்

பேராச்சிக்குப் பம்பாயில் ஒருவரோடும் பகை கிடையாது. கராச்சிக் கப்பலை விட்டிறங்கி அறுபத்தெட்டு நாள்தான் ஆகியிருந்தது. பகை சம்பாதிக்க அவளுக்கு இன்னும் நேரம் வாய்க்கவில்லை. கையில் தொண்ணூறு நாள் தங்கல் சீட்டு ஒன்று இருந்தது. மிச்சம் இருபத்திரண்டு நாள். அதற்குள், 'இந்தக் குடும்பம் மதத்தின் பேரால் துன்புறுத்தப்பட்டு ஓடிவந்தது உண்மை' என்று ஒரு காகிதம் கிடைத்துவிட்டால் இங்கேயே இருந்துவிடலாம். கிடைக்காவிட்டால் அவளும் புருஷன் பூலோகமும் பதினொரு வயது மகள் சண்முகவடிவும் வந்த கப்பலிலேயே திரும்ப வேண்டியதுதான். திரும்பிப் போய் நிற்க அங்கே ஒரு வாசல்படி இருந்தது. வீடு இல்லை.

அந்தக் காகிதத்தைத் தருவதற்கென்றே மாட்டுங்காவில், காப்பிப்பொடிக் கடை ஒன்றின் மாடியில், சமயத் துன்ப ஆய்வுக் குழு என்று ஒன்று இயங்கிவந்தது. சம்பளம் இல்லாத குழு. கௌரவம் மட்டும் உண்டு, அதுவும் தேவைக்கு மேல். தமிழ் பேசும் அகதிகளின் மனுக்களை விசாரித்துச் சர்க்காருக்கு அபிப்பிராயம் சொல்வது அதன் வேலை. நாலு வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு மனுக்கள் வந்திருந்தன. மனு கொடுத்தவர்களில் ஒருவர்கூடப் போதுமான அளவு துன்பப்பட்டிருக்கவில்லை என்று குழு கண்டறிந்திருந்தது.

தலைவர் வேங்கடசுப்ரமணியன், ரயில்வே கணக்கு இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் பிறத்தியாரின் பயணப்படியை வெட்டி ஓய்வு பெற்றவர். வெட்டுவதற்கு வேறொன்றும் அகப்படாமல் ஒரு வருஷம் தவித்துப் போயிருந்த சமயத்தில்தான் இந்தக் குழு அமைந்தது. அங்கத்தினர் மீனாட்சியம்மாள், மாதர் சங்கத்துக்காரர். ஏழைகளின் மேல் அளவற்ற இரக்கம் கொண்டவர். அந்த இரக்கத்தை மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு காட்டுவார். மூன்றாவது ஆள் குமாஸ்தா ஆறுமுகநயினார். அவருக்கு அபிப்பிராயம் கிடையாது. டைப்ரைட்டர் உண்டு.

"சலாம் சாப்" என்று கும்பிட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தாள் பேராச்சி. பிறந்து வளர்ந்த ஊரின் பழக்கம் நாக்கை விட்டு அறுபத்தெட்டு நாளில் போய்விடுமா?

"குறிச்சுக்கோ" என்றார் தலைவர். ஆறுமுகநயினார் குறித்துக்கொண்டார்.

படிவம் ஏழு பக்கம். துன்புறுத்தப்பட்ட தேதி, நேரம், மொத்தம் எத்தனை மணி நேரம், துன்புறுத்தியவரின் தற்போதைய முகவரி. நடந்தது ஏழு வரிக்குள் அடங்கும். பேராச்சியின் அப்பன் வெள்ளைக்காரன் காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கராச்சித் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனான். நாடு இரண்டானபோது எந்தப் பக்கம் வேண்டும் என்று அவனை யாரும் கேட்கவில்லை. அப்புறம் பதினாறு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. பதினேழாம் வருஷம், தை மாதம், நாற்பது ஐம்பது பேர் கட்டையோடு வந்தார்கள். முதலில் சுடுகாட்டோரம் இருந்த சுடலைமாடன் பீடத்தை உடைத்தார்கள். பிறகு வீடுகளுக்கு வந்தார்கள். டயர் ஒட்டும் இனாயத்துல்லா தன் வீட்டு உள்ளறையில் இவர்களை மூன்று நாள் பூட்டி வைத்துச் சோறு போட்டு, நாலாம் நாள் கப்பலேற்றி விட்டான்.

"கோயிலை இடிச்சான்னு எழுதியிருக்கு" என்றார் தலைவர். "கோபுரம் எத்தனை நிலை?"

"கோவுரம் கெடையாதுங்க" என்றான் பூலோகம். "பீடந்தான். மண்ணும் செங்கலும் வச்சுக் கட்டி, வெள்ளையடிச்சு, என் நெஞ்சு ஒசரம் இருக்கும்."

"மண்டபம்?"

"இல்லைங்க."

"கூரையாவது உண்டா?"

"எங்க சாமி கூரைக்குள்ள நிக்காது. வெட்டவெளியிலதான் நிக்கும்."

தலைவர் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தார். "கூரையே இல்லாத ஒண்ணை எப்படிப்பா இடிக்க முடியும்? கீழே விழறதுக்கு ஏதாவது இருந்தாத்தானே இடிச்சதா அர்த்தம்?"

ஆறுமுகநயினார் தட்டினார்: 'கட்டடச் சேதம்: இல்லை.'

"கோத்திரம்?"

"அது எங்களுக்குக் குடுக்கலைங்க."

"நைவேத்தியம் என்ன பண்ணுவேள்?"

பூலோகத்தின் முகம் மலர்ந்தது. இவ்வளவு பெரிய மனிதர் தன் சாமியின் பசியைப் பற்றிக் கேட்கிறார். "வருசக் கொடைக்குக் கிடா வெட்டுவோம். சேவல் அறுப்போம். அவிச்ச முட்டை, சுருட்டு, ஒரு குப்பி சாராயம்…"

கைக்குட்டை மூக்குக்குப் போயிற்று. "பாவம், ஆட்டுக்கு எவ்வளவு துன்பம்!" என்றார் மீனாட்சியம்மாள். அந்த அறையில் அன்றைக்கு முதன்முதலாக ஒரு துன்பம் ஒப்புக்கொள்ளப்பட்டது.

"பம்பாயிலே மதுவிலக்கு அமல்ல இருக்கு" என்றார் தலைவர். "சாமிக்குப் பெர்மிட் இருக்கா? அது போகட்டும். நீங்க இந்துங்கிறதுக்கு என்ன ஆதாரம்? ஏதாவது ஒரு சுலோகம் சொல்லு பார்ப்போம்."

பேராச்சிக்கு ஒரு சுலோகமும் தெரியாது. ஆனால் வாய் இருந்தது.

"கட்டையத் தூக்கிட்டு வந்தவன் ஒரு சுலோகமும் கேக்கலையே அய்யா. எங்களப் பாத்ததும் இந்துன்னு அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்களுக்குத்தான் தெரிய மாட்டேங்குது."

தலைவருக்குக் கோபம் வரவில்லை. கோபம் ஓய்வூதியக்காரர்களின் ரத்த அழுத்தத்துக்கு ஆகாது. அவர் பேசினார். பேசினால் அவருக்கு உடம்புக்கு நல்லது.

"இதோ பாரும்மா. இந்தக் குழுவுக்கு எந்தப் பாகுபாடும் கிடையாது. எல்லா இந்துவையும் சமமாத்தான் பார்க்கிறோம். யார் யார் இந்துங்கிறதை மட்டும் நாங்க தீர்மானம் பண்ணுவோம். துன்பத்துக்குன்னு ஒரு தரம் இருக்கு. கண்டவாளுக்கும் அதைக் கொடுத்துட்டா, நாளைக்கு நெஜமாவே ஒரு பெரிய மனுஷன் துன்பப்பட்டு வந்து நின்னா அவனுக்கு என்ன மரியாதை?"

பேராச்சி முந்தானை முடிச்சை அவிழ்த்து இனாயத்துல்லா எழுதிய கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். இவர்கள் அடிபட்டது உண்மை, என் கண்ணால் பார்த்தேன், என் வீட்டில்தான் ஒளித்து வைத்தேன், அல்லா மேல் ஆணை என்று உருதுவில் எழுதி, கையெழுத்தும் போட்டுக் கைநாட்டும் வைத்திருந்தான். இரண்டும் ஏன் என்று கேட்டதற்கு, கையெழுத்தை நம்பாவிட்டால் விரலை நம்பட்டும் என்று சொன்னானாம்.

மொழிபெயர்ப்பு வர நாலு நாள் ஆயிற்று. மிச்சம் பதினெட்டு நாள்.

"உன்னைக் காப்பாத்தினவன் ஒரு முஸ்லிம்" என்றார் தலைவர், கடிதத்தைத் தட்டிக்காட்டி.

"ஆமாங்க. மகராசன்."

"அப்போ முஸ்லிம் உங்களைத் துன்புறுத்தலை, காப்பாத்தியிருக்கான். இதோ நீங்களே கொடுத்த ஆதாரம். கேஸ் முடிஞ்சுது."

"உடைச்சவன் வேற, காப்பாத்துனவன் வேறல்லா!"

"அந்த வித்தியாசமெல்லாம் படிவத்துல இல்லை."

இந்த இடத்தில் பூலோகம் பேசாமல் இருந்திருக்கலாம். வாய் திறந்து பழக்கமில்லாதவன் திறந்தால் அப்படித்தான். "அய்யா, உடைச்சது எங்க சாமியை. நாங்க சொன்னா நம்ப மாட்டேங்கிய. வேற யாரு வந்து சொன்னா நம்புவிய?"

தலைவர் சிரித்தார். முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் அவருடைய நகைச்சுவையை எல்லாரும் ரசித்திருக்கிறார்கள். எல்லாரும் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள். "யார் வீட்டை உடைச்சாளோ அவாதான் புகார் கொடுக்கணும். சட்டம் அதுதான். உங்க சாமியை நேர்ல வந்து வாக்குமூலம் தரச் சொல்லு."

மீனாட்சியம்மாள் சிரித்தார். ஆறுமுகநயினார் சிரிக்கவில்லை. அவரும் திருநெல்வேலிப் பக்கம்தான்.

"என்னைக்கு வரச் சொல்லணும்?" என்று கேட்டான் பூலோகம்.

"வெள்ளிக்கிழமை வரட்டும். பதினோரு மணிக்கு. லேட்டா வரப்படாது."

"வெள்ளிக்கிழமைன்னா வந்துரும்."

பூலோகம் ஒரு சாமிகொண்டாடி என்பதைப் படிவத்தில் யாரும் கேட்டிருக்கவில்லை. வருஷத்துக்கு ஒருதரம் கொடையில் சுடலைமாடன் இறங்குவது அவன் மேல்தான்.

தாராவியில் அவர்களுக்கு ஒண்ட இடம் கொடுத்திருந்தவள் கோமதியம்மாள். விடியுமுன் இட்லி அவித்துத் தோல் பட்டறை ஆட்களுக்கு விற்கிறவள். சங்கதியைக் கேட்டதும் இட்லிக் கொப்பரையை மூடிவைத்தாள். "ஏளா பேராச்சி, ஆபீசுக்குள்ள சாமியவா? எங்கிட்டு இருக்கு அந்த ஆபீசு? நானும் வாரேன். இதப் பாக்கலைன்னா பம்பாயில இருந்து என்ன பிரயோசனம்?"

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குச் சுடலைமாடனின் தரப்பு படியேறியது. பூலோகத்துக்கு மணி கட்டிய சல்லடம் இல்லை. அது கராச்சியில் போயிற்று. கோமதியம்மாள் கணவனின் அரைக்கால் சட்டையில் நாலு கொலுசைத் தைத்திருந்தாள். சாமி ஏந்தும் வல்லய ஈட்டிக்குப் பதில் பட்டறையில் தோல் காயப்போடும் கம்பு. மேளத்துக்குக் கோமதியம்மாள் கையில் காலி டால்டா டின். பேராச்சி நெற்றி நிறையத் திருநீறு பூசிவிட்டு, நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள்.

கீழே கடையில் காப்பிப்பொடி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் நெருப்புப் பிடித்துவிட்டது என்று தெருவுக்கு ஓடினார்கள்.

டால்டா டின் அதிர்ந்தது. பூலோகத்தின் முழங்கால் நடுங்கியது, கண் செருகியது. மேஜை மேலிருந்த மைப்புட்டி சரிந்து இருநூற்றுப் பன்னிரண்டு மனுக்களின் மேலும் பரவியது.

"ஏலேய்! எவம்லே என்னக் கூப்பிட்டது?"

"உட்காரச் சொல்லு" என்றார் தலைவர். குரல் சற்று இறங்கியிருந்தது. நாற்காலி சுவரோடு ஒட்டிப்போயிருந்தது.

சாமி உட்காரவில்லை. சுருட்டு கேட்டது. சுவரில் புகைபிடிக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. ஆறுமுகநயினார் சுவரைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார். தன் பையிலிருந்து ஒரு பீடியை எடுத்துப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டு, டைப்ரைட்டரில் புதுத்தாள் செருகினார். நடைமுறை நடைமுறைதான்.

"சாட்சியோட பேரு?"

"சுடலைமாடன்லே!"

"வயசு?"

"உன் பூட்டனுக்குப் பூட்டனை எரிச்சப்பம் நாந்தாம்லே பக்கத்துல நின்னேன்."

ஆறுமுகநயினார் தட்டினார்: 'வயது: மேஜர்.'

"தகப்பனார் பேரு?"

"பரமசிவன்."

"சாட்சியோட விலாசம்?"

"சுடுகாடு."

"தகப்பனாரோட விலாசம்?"

"கைலாசம்லே, வேற எங்க?"

"கைலாசத்தை விட்டு ஏன் வந்தார்னு கேளு" என்றார் தலைவர். குறுக்கு விசாரணையில் அவருக்குச் சூடு ஏறிவிட்டது.

சாமி கொஞ்சம் அடங்கியது. "சுடுகாட்டுல பொணந் தின்னேன். அந்த வாயோட கைலாசத்துக்குள்ள வரப்படாதுன்னு எங்க அய்யாவும் ஆத்தாளும் வெரட்டிட்டாக."

"நியாயந்தானே" என்றார் மீனாட்சியம்மாள் கைக்குட்டைக்குள்ளிருந்து.

பேராச்சி இந்தக் கதையைச் சிறுபிள்ளையிலிருந்து கேட்டிருக்கிறாள். இன்றைக்குத்தான் அது வேறு மாதிரி காதில் விழுந்தது. தின்றதற்காகத் துரத்தப்பட்ட சாமி. இதுவும் இறங்கி நின்ற இடத்தில் மண்ணைக் குழைத்து ஒரு பீடம் கட்டிக்கொண்டுதான் பிழைத்திருக்கிறது. நம்மை விட்டால் இவருக்கு யார், இவரை விட்டால் நமக்கு யார்!

"சரி, விஷயத்துக்கு வரட்டும். தை மாசம் உங்க பீடத்தை உடைச்சாளா இல்லையா? உமக்கு என்ன துன்பம்?" என்றார் தலைவர்.

டால்டா டின் நின்றது. இதற்குத்தான் இத்தனை பாடு. ஆமாம் என்ற ஒற்றைச் சொல். பேராச்சி கையைக் குவித்தாள்.

"என்னையவா?" சாமி கம்பைத் தரையில் ஓங்கிக் குத்தியது. "என்னைய உடைக்கதுக்கு எவம்லே பொறந்திருக்கான்? துன்பமா? எனக்கா? எட்டுத் திக்குக்கும் காவல் நிக்கவன்லே நான்! என்னைத் தொட்டவன் கையை முறிச்சுக் காக்காய்க்குப் போட்டுட்டேன்!"

பேராச்சி ஓடிவந்தாள். சாமியின் முன்னால் விழுந்து காலைப் பிடித்துக்கொண்டாள். "எய்யா, எய்யா, உடைச்சாங்கய்யா, நான் பாத்தேன்! கொஞ்சம் அடிபட்டதாச் சொல்லும்யா! உமக்கு ஒரு கொறையும் வராது. எங்களுக்கு ஒரு காயிதம் வேணும்யா!"

"சாமியப் பொய் சொல்லச் சொல்லுதியா நீ?"

"பொய்யில்லய்யா! அந்த வெக்கத்த மட்டும் கொஞ்சம் விட்டுரும்யா! எம் புள்ளைக்காக!"

சாமி அவள் தலையில் கைவைத்தது. திருநீறு பூசியது. "உன்னை நான் காப்பேன்" என்றது. அப்படியே மலையேறிவிட்டது.

ஆறுமுகநயினார் தட்டி முடித்தார்: 'சாட்சி துன்புறுத்தலை முற்றிலும் மறுக்கிறார். மேலும், அயல்நாட்டுப் பிரஜை ஒருவரின் கையை முறித்ததாக ஒப்புக்கொள்கிறார்.'

பூலோகம் தரையில் கிடந்தான். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்தான். "என்னட்டி, வந்தாரா? நல்லாச் சொன்னாரா?"

"நல்லாத்தான் சொன்னாரு" என்றாள் பேராச்சி. "மானஸ்தன்லா."

தாராவிக்கு நடந்தே திரும்பினார்கள். "ஊர் உலகமெல்லாம் சாமிட்ட போய்க் கொறையச் சொல்லுது" என்று திடீரென்று வெடித்தாள் பேராச்சி. "எங்களுக்கு வாச்ச சாமிக்கு ஒரு கொறையச் சொல்லத் தெரியலையே!"

"என்னைய ஏன்ட்டி ஏசுத? நான் அங்க இல்லையே" என்றான் பூலோகம்.

மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். கட்ட அதிகம் இல்லை. சண்முகவடிவு கோமதியம்மாளின் இட்லித் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு விட மாட்டேன் என்று நின்றாள். மிச்சம் இரண்டே நாள் என்றிருந்தபோது மாட்டுங்காவிலிருந்து ஆள் வந்தது. உடனே வரவும்.

தலைவரின் மேஜை மேல் பள்ளிக்கூடப் பூகோளப் படப் புத்தகம் ஒன்று விரித்துக் கிடந்தது. அதை அங்கே விரித்து வைத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. ஆறுமுகநயினார் ரிப்பனை மாற்றிக்கொண்டிருந்தார். புத்தகத்தின் அட்டையில் ஆறுமுகநயினாரின் மகன் பெயர் எழுதியிருந்தது.

"இதை ஏன் மறைச்சீங்க?" என்றார் தலைவர்.

"எதைங்க?"

"சாட்சியோட தகப்பனார் விலாசம் கைலாசம். கைலாசம் எங்கே இருக்கு தெரியுமா?" விரல் இமயமலையைத் தாண்டிப் போய்க் குத்தி நின்றது. "திபெத்துல. இன்னிக்கு அது யார் கையில? சீனாக்காரன் கையில! சண்டை நடந்து இன்னும் ரெண்டு வருஷம் ஆகலை. சீனாவுல தகப்பனார், பாகிஸ்தான்ல பிள்ளை, நடுவுல நம்ம மாட்டுங்கா! எவ்வளவு பெரிய விஷயம்! நாங்க கண்டுபிடிச்சிருக்கோம்!"

பேராச்சிக்குத் தலை சுற்றியது. சுவரைக் காட்டினாள். அங்கே மாலை போட்ட படத்தில் பரமசிவன் குடும்பத்தோடு கைலாசத்தில் உட்கார்ந்திருந்தார். "அய்யா, நீங்க கும்புடுததும் அங்க இருக்கவரைத்தானே?"

"அது பக்தி" என்றார் தலைவர். "இது ஆவணம்."

உத்தரவை அவரே எழுந்து நின்று வாசித்தார். மதத் துன்புறுத்தல் நிரூபிக்கப்படவில்லை, மனு தள்ளுபடி. ஆயினும், குடும்பத்தின் சாமியாகிய சுடலைமாடன் என்பவரின் பிரஜா உரிமை சந்தேகத்துக்கு இடமாயிருப்பதால், எல்லை விவகார இலாகாவுக்கு எழுதப்பட்டிருக்கிறது. அவர்கள் பீக்கிங் வழியாகக் கைலாசத்துக்கு எழுதி, அவர் தம் மகன்தானா என்று தகப்பனாரிடம் எழுத்துமூலம் உறுதி பெறுவார்கள். அந்தப் பதில் வந்துசேரும்வரை சுடலைமாடனோ அவரைச் சார்ந்தவர்களோ பம்பாய் எல்லையைத் தாண்டக் கூடாது.

பேராச்சி மெதுவாகக் கேட்டாள். "அப்பம்… கப்பலு?"

"கப்பலா! கப்பல் பக்கம் போனா கைது!"

"நாங்க போகவே கூடாதா?"

"கூடவே கூடாது! மாசத்துக்கு ஒருதரம் வந்து இங்கே இருக்கிறதா முத்திரை வாங்கிண்டு போகணும். தண்டனைன்னா என்னன்னு அப்பத்தான் தெரியும்."

அவள் இன்னொருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். அழுகிறாள் என்று நினைத்த மீனாட்சியம்மாள் இரக்கப்பட்டார்.

அந்த வருஷ அறிக்கையில், 'துன்புறுத்தப்பட்டவர்: இல்லை; பிடிபட்ட அன்னியர்: ஒருவர்' என்று குழு தன் சாதனையைப் பதிந்துகொண்டது. சர்க்கார் பாராட்டி எழுதி, இன்னொரு மேஜை வாங்க அனுமதித்தது.

தாராவியில், சாக்கடைக்கு அந்தப் பக்கம் மேட்டில், இப்போது நெஞ்சுயரத்துக்கு ஒரு பீடம் நிற்கிறது. வெள்ளையடித்திருக்கிறது. தகரம் நாலு கிடக்கிறதே, மேலே போட்டால் என்ன என்று கோமதியம்மாள் கேட்டாள். பேராச்சி பதறிப்போனாள். "வேண்டாங்க்கா! கூரையப் போட்டா கோயில்னு தெரிஞ்சுபோகும். பொறவு சாமி யாருன்னு கேட்டுட்டு மாட்டுங்காக்காரவுக வந்துருவாவ."

வெள்ளிக்கிழமைதோறும் ஆறுமுகநயினார் வருவார். ஆபீஸ் பை, ஆபீஸ் செருப்பு, பையில் ஒரு கட்டுச் சுருட்டு.

"பதில் வந்துச்சா சார்வாள்?" என்று கேட்பாள் பேராச்சி.

"இன்னும் இல்லம்மா."

"சந்தோசம்."

அவர் நகர்ந்ததும் சுருட்டைப் பற்றவைத்துப் பீடத்தில் செருகிவிட்டுச் சண்முகவடிவையும் பக்கத்தில் நிறுத்திக் கும்பிடுவாள். மற்றவர்கள் வேண்டிக்கொள்வதற்கும் அவள் வேண்டிக்கொள்வதற்கும் கொஞ்சம் வித்தியாசம் உண்டு.

"எய்யா சுடலை, காப்பேன்னு சொன்னபடி காத்துட்ட. இன்னும் ஒண்ணே ஒண்ணு. உங்க அய்யாகிட்டச் சொல்லு. கடுதாசி வந்தா வாங்கி வச்சுக்கிடட்டும். எழுதப் படிக்கத் தெரியாதுன்னு சொல்லிரட்டும். நீ யாருன்னே தெரியாதுன்னு இருந்துக்கிடட்டும். எக்காரணம் கொண்டும் பதில் மட்டும் போட்டுர வேண்டாம்னு சொல்லுய்யா."